ஏழு மணி அம்மா

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் சௌக்கியம். அவருடைய முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டாலே முறைத்துக்கொள்கிறது. உனக்கும் அண்ணிக்கும் உடம்பு எப்படி? ஹார்டுவேர் கடையில் வேலை ஓடுகிறதா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுபடி ரேடியோவில் பேசப் போகிறேன். புதிதாக ஆரம்பித்திருக்கும் நிலையம். அதன் மேலாளர் போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். "உங்க குரல்ல நியூஸ் முடிஞ்சாத்தான் மேடம் நான் ஸ்கூலுக்குக் கிளம்புவேன்" என்றார். தினமும் காலை ஏழிலிருந்து எட்டு வரை நிகழ்ச்சி. பிப்ரவரியிலிருந்து மூன்று மாதம் பரீட்சை. நீங்களும் பாருங்கள், நாங்களும் பார்க்கிறோம் என்றார். ஏப்ரல் கடைசியில் ஒரு வருடத்துக்குக் கையெழுத்து.

ஓய்வு பெற்று பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இன்னும் குரல் நிற்குமா என்று எனக்கே தெரியவில்லை. உன் மாப்பிள்ளையைக் கேட்டுப் பயனில்லை. நான் தும்மினாலும் பிரமாதம் என்பார். முப்பத்தோரு வருட வேலையில் எனக்கு உண்மையைச் சொன்னது உன் போஸ்ட்கார்டுதான். "மூன்றாவது செய்தியில் மூச்சு வாங்கினாய். படியேறி ஓடி வந்தாயா?" என்று ஒரே வரி எழுதுவாய். ஓடித்தான் வந்திருப்பேன்.

உங்கள் பக்கமும் ஒலிபரப்பு எடுக்கும் என்கிறார்கள். கேட்டு எழுது. நீ சரி என்றால் கையெழுத்துப் போடுவேன். வேண்டாம் என்றால் வீட்டில் உட்கார்ந்துவிடுவேன்.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை


ஜனவரி 20

வாயாடிக்கு,

இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். உன் அண்ணிக்குப் பல் ஒன்று பிடுங்கியாயிற்று. இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது, இப்போது பழையபடி. மாப்பிள்ளையை மாடிப்படியோடு சமாதானமாகப் போகச் சொல்.

நீ பதினான்கு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்ததே உலக சாதனை. போ, போய்ப் பேசு. ஆனால் ஒன்று. நான் ஒரு கம்பெனியின் குழாயை எடுக்கும் முன் அவர்கள் குடோனைப் போய்ப் பார்ப்பேன். நீயும் போய்ப் பார். நாற்காலி ஆடுகிறதா, பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, வேலை செய்கிறவர்கள் எத்தனை நாளாக இருக்கிறார்கள். மேலாளர் சின்ன வயதில் உன்னைக் கேட்டது பாராட்டு. அது காரணமாகாது.

கடை ஓடுகிறது. ஒரு புது ஒழுங்கு போட்டிருக்கிறேன். கொத்தனாரோ பிளம்பரோ, யாராக இருந்தாலும் வேண்டியதைச் சீட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும். வாயால் முக்கால் இஞ்ச் என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து நான் அரை இஞ்ச்தானே கேட்டேன் என்கிறார்கள். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். பதினெட்டு வருடமாக நம் குடோனைப் பார்த்துக்கொள்கிற ஸ்டோரம்மாதான் சீட்டுகளை அடுக்கி வைக்கிறார்.

ரேடியோ ஒன்று வாங்கி பெயின்ட் டப்பா அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். தைரியமாகப் பேசு.

உன் அண்ணன்


பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். அண்ணிக்குப் பல் வலி நின்றதா?

நீ சொன்னபடி போய்ப் பார்த்தேன். நாற்காலி ஆடுகிறது, தாழ்ப்பாள் இருக்கிறது. ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் மாடி. கீழே செருப்புக் கடை, மேலே நாங்கள். ஒலிப்பதிவு அறை நம் பழைய சமையலறை அளவுதான். சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி ஒரு பஞ்சு. பழைய நிலையத்தில் என்னைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். இங்கே பொத்தானும் நானே, பேச்சும் நானே. முதல் நாள் பாட்டுக்கு நடுவில் என் இருமல் ஊருக்கே போய்விட்டது.

ஏழு மணிக்குச் செய்திச் சுருக்கம். ஏழு இருபதுக்கு உடல்நலக் குறிப்பு. ஏழரைக்கு யாராவது ஒரு தொழில்காரரைக் கூப்பிட்டுப் பேசுகிறேன். நேற்று ஒரு தையல்காரர் வந்தார். முதல் கேள்வியையே இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

முதல் வாரம் முழுவதும் கேட்டுவிட்டு எழுது. ஒன்றையும் மறைக்காதே.

உன் தங்கை


பிப்ரவரி 15

வாயாடிக்கு,

நாங்கள் சுகம். பல் வலி நின்றுவிட்டது.

கேட்டேன். குரல் அப்படியே வெண்கலம். ஒரு குறையும் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் இருந்த மாதிரியே இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு யோசிக்கவே வேண்டாம்.

கடையில் பெயின்ட் விற்பனை நன்றாக இருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணா,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அதற்கு முன்னால் உறையைத் திருப்பி, நீதான் எழுதியிருக்கிறாயா என்று பார்த்தேன்.

ஒரு குறையும் இல்லையா? நீயா சொல்கிறாய்? என் கல்யாணத்தன்று கூட, "மாலையைக் கோணலா போட்டிருக்கே" என்றவன் நீ.

மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் அண்ணிதான் எடுத்தார்கள். "அவர் குளிக்கிறாரும்மா" என்றார்கள். காலையில் குளிக்கிறாய், மதியம் குளிக்கிறாய், சாயங்காலம் குளிக்கிறாய். அப்படி என்ன அழுக்கு?

முதல் நாள் ஏழே காலுக்கு நான் சொன்னதில் உனக்குக் கோபமா? இருந்தால் திட்டிவிடு. பேசாமல் இருக்காதே.

இந்தத் தடவை எண்ணி ஐந்து குறையாவது எழுது.

உன் தங்கை


மார்ச் 5

வாயாடிக்கு,

எல்லோரும் நலம். குளிப்பது தப்பா?

கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏழே காலுக்குச் சொன்னதை அப்போதே மறந்துவிட்டேன்.

குறை கேட்டாயே, இந்தா. பூச்செடி வளர்க்கும் அம்மா வந்தபோது, தொட்டி மண்ணை எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது தடவை வந்த தையல்காரரிடம், துணிக்கு எந்தக் கத்தரிக்கோல் நல்லது, வீட்டுத் தையல் மிஷினுக்கு எந்த எண்ணெய் என்று நீ கேட்கவே இல்லை. ஏழரைக்கு வந்த டாக்டர் வேகமாகப் பேசினார், குறித்துக்கொள்ள முடியவில்லை. பாட்டு கொஞ்சம் பழையதாகப் போடலாம். ஐந்து ஆயிற்றா?

மற்றபடி குரல் வெண்கலம்.

உன் அண்ணன்


மார்ச் 12

அண்ணா,

நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

நீ பிறந்ததிலிருந்து ஒரு துணியை வெட்டியதில்லை. ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றியதில்லை. அவை அண்ணியின் கேள்விகள். நல்ல கேள்விகள், நன்றி சொல்லிவிடு. ஆனால் என்னை ஒரு நாளாவது நீ கேட்டாயா?

முதல் நாள் ஏழே காலுக்கு நான் சொன்னது இதுதான்: "டமாரம் அண்ணா, கேட்டுக்கிட்டு இருக்கீங்களா?" ஸ்கூலில் உன் சத்தத்துக்கு வைத்த பேர். பழைய நிலையத்தில் சொந்தக்காரர் பேரைச் சொன்னால் நோட்டீஸ் வரும். முப்பத்தோரு வருடம் சொல்ல முடியாததை முதல் நாளே சொன்னேன். கேட்டிருந்தால் அன்றைக்கே கிழித்திருப்பாய். கோபமில்லை, மறந்துவிட்டேன் என்கிறாய்.

இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, நீ கேட்கவே இல்லை. உனக்கு அவ்வளவு வேலை இருக்காது. இன்னொன்று, முதல் நாள் பத்து நிமிடம் கேட்டாய், தாங்க முடியாமல் அணைத்துவிட்டாய். பாவம், அறுபத்தோரு வயதில் மனசு உடைவானேன் என்று வெண்கலம் என்று எழுதிவிட்டாய்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வு பெறும்போது நான் செய்தி வாசித்துக்கொண்டிருக்கவில்லை. கடைசி மூன்று வருடம் என்னைப் பழைய ஒலிநாடாக்கள் இருந்த அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். வாசித்தது வேறு பெண். குரலில் வயது தெரிகிறது என்றார்கள். என் குரல் வருவதில்லையே என்று அந்த மூன்று வருடமும் நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. அன்றைக்கும் இரக்கம்தான் போல.

இரக்கத்தை நம்பி மைக் முன்னால் உட்கார மாட்டேன். மாதக் கடைசியோடு போதும் என்று மேலாளரிடம் சொல்லிவிடப் போகிறேன்.

உன் தங்கை


மார்ச் 15

என் கண்ணே,

சொல்லாதே. மேலாளரிடம் ஒன்றும் சொல்லாதே. இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

எனக்குக் காது கேட்கவில்லை.

இடது காது போய் ஐந்து வருடம் ஆகிறது. வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, போன மழைக்காலத்தோடு அதுவும் ஏறக்குறைய முடிந்தது. நேருக்கு நேர் நின்று பேசினால் பாதியை உதட்டில் பார்க்கிறேன். மீதியைப் பழக்கத்தில் ஊகிக்கிறேன். போனில் உதடு ஏது? அதனால்தான் அத்தனை குளியல். சீட்டு ஒழுங்கும் இதற்குத்தான். முக்கால் இஞ்ச், அரை இஞ்ச் கதையெல்லாம் நான் கட்டியது. உன் குரல் நின்றுபோன அந்த மூன்று வருடம் செய்தி என்பதே எனக்கு இரைச்சலாகத்தான் வந்தது. வாசித்தது நீயா வேறு யாருமா என்று தெரியாமல், நீதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்பாய். கடைக்காரனுக்குக் காது போச்சு என்று தெரிந்தால் எதிரே நின்றே தங்களுக்குள் விலை பேசிக்கொள்வார்கள். அது வெளியே சொல்லும் காரணம். உள்ளே இருக்கும் காரணம் நீ. நீ குரலை வைத்துப் பிழைத்தவள். அது எனக்கு வந்து சேரவில்லை என்று என்ன வார்த்தை போட்டு எழுதுவேன்?

உன் அண்ணி முதல் நாளிலிருந்து சொன்னாள். "எழுதிடுங்க. அவ உங்களைத்தான் கேட்டிருக்கா, என்னை இல்லை." நான்தான், "நீ வீட்ல கேட்டுச் சொல்லு, நான் என் மாதிரி எழுதிக்கிறேன்" என்றேன். முதல் நாள் ஏழே காலுக்கு அவள் பால் வாங்கப் போயிருந்தாள், நீ சொன்னது அவளுக்கும் தெரியவில்லை. "கத்தரிக்கோலை எழுதாதீங்க, மாட்டிப்பீங்க" என்றாள். சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

ஆனால் ஒன்று புரிந்துகொள். நான் சொன்னது பொய்தான், இரக்கம் இல்லை. உன் குரல் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. தெரியாத சரக்கை நல்ல சரக்கு என்று விற்றேன். முப்பத்தைந்து வருட வியாபாரத்தில் செய்யாத வேலை அது.

எனக்குக் கொஞ்ச நாள் கொடு. தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது.

உன் அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், பயப்படாதே. உன் மாப்பிள்ளையும் கூடவே அழுதார். "பிரமாதமான கடிதம்" என்றார். அவரை என்ன செய்வது?

ஐந்து வருடம்! நான் மணிக்கணக்காகப் பேசிய போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாயே, அப்போதும் கேட்கவில்லையா? அந்தத் தலையாட்டலை நம்பித்தானே நான் இந்த வீட்டையே வாங்கினேன்.

உடனே டாக்டரிடம் போ. காதுக்கு மிஷின் வைக்கச் சொன்னால் வை. இது வேண்டுகோள் இல்லை.

மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. மாதக் கடைசி வரை என்பதை ஏப்ரல் கடைசி வரை என்று தள்ளி வைத்திருக்கிறேன். என்ன வழி அது?

உன் தங்கை


ஏப்ரல் 2

வாயாடிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. டாக்டரைப் பார்த்தேன், காது அளவு எடுத்திருக்கிறார்கள்.

வழி இதுதான். புதுக் குழாய் வந்தால் நான் குழாயைப் பார்ப்பதில்லை. வாங்க வந்தவரைப் பார்ப்பேன். கையில் எடுத்தவர் திருப்பி வைக்க எத்தனை நேரம் ஆகிறது என்று பார்ப்பேன். அதுபோல ரேடியோவைக் கல்லாவுக்கு மேலே மாற்றினேன். ஏழிலிருந்து எட்டுதான் வேலைக்குப் போகிறவர்கள் வந்து நிற்கிற நேரம். பன்னிரண்டு நாள் சுவர்க் கடிகாரத்தையும் அவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இனி சொல்வது நான் கண்ணால் பார்த்தது.

ஏழு மணிச் செய்தி: ஒருவரும் கேட்பதில்லை. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். ஏழு இருபது உடல்நலக் குறிப்பு: அதைவிட மோசம். குழாய் வாங்க வந்தவர்கூட நகர்ந்து போய் பூட்டுகளைப் பார்க்கிறார். ஸ்டோரம்மாவை விசாரித்தேன். "அப்ப அவங்க பழைய நியூஸ் மாதிரி வாசிக்கிறாங்க. ஹெட்மாஸ்டர் நோட்டீஸ் படிக்கிற மாதிரி" என்று எழுதிக் காட்டினார்.

ஏழரைக்கு மேல் கதை வேறு. சீட்டை நீட்டினவர் அதை விடவே மாட்டேன் என்கிறார். நான் இழுக்கிறேன், அவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கண் மேலே ரேடியோவில். எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டிய பெயின்டர் ஒருவர் இரண்டு நாள் தாமதமாகப் போனார்.

வியாழக்கிழமை ஒன்று நடந்தது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் வந்திருந்தாராமே. ஏழே முக்காலுக்குக் கடையில் ஆறு பேர். திடீரென்று ஆறு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து ரேடியோவைப் பார்த்தார்கள். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து சுவிட்சைத் தட்டப் போனேன். பிளம்பர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஸ்டோரம்மா சீட்டில் எழுதினார்: "ரேடியோ ஓடுது. லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு நாலு மணி நேரம் தனியா இருந்ததை அவர் சொன்னார். அம்மா பதில் சொல்லலை. சும்மா இருக்காங்க. அதான்."

என்னால் கேட்க முடியாததைக் கேட்க ஆறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அப்படி ஒரு சரக்கை நான் விற்றதில்லை.

என் தீர்ப்பு: முதல் அரை மணி நேரத்தைத் தூக்கிப் போடு. அது பழைய ஸ்டாக். இரண்டாவது அரை மணியை ஒரு மணியாக்கச் சொல். முடியாது என்றால் கையெழுத்துப் போடாதே.

கடையில் உனக்கு ஒரு பேர் வந்திருக்கிறது. ஏழு மணி அம்மா.

உன் அண்ணன்


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணா,

நலம்தான். நீ மிஷினை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருப்பதாக அண்ணி எழுதியிருக்கிறார்கள். அதைப் பற்றிக் கடைசியில் திட்டுகிறேன்.

அந்த வியாழக்கிழமை நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். பழைய நிலையத்தில் மூன்று விநாடி மௌனம் வந்தால் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். நான் நாலு கடிதம் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அவர் சொன்னதும் எனக்கு வார்த்தை வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது விநாடி. நிகழ்ச்சி முடிந்ததும் மேலாளரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். உன் கடிதம் வரும் வரை அதைப் பெரிய தப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் மேலாளர் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு, "உங்க அண்ணா எந்த சர்வே கம்பெனி மேடம்?" என்றார். "குழாய்க் கம்பெனி" என்றேன். செய்தியும் போயிற்று, குறிப்பும் போயிற்று. ஹெட்மாஸ்டரும் போய்விட்டார். ஒரு வாரமாக ஒரு மணி நேரமும் பேச்சுதான். பயமாக இருக்கிறது. வாசிக்கத் தாள் இல்லாமல் நான் மைக் முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

முப்பதாம் தேதி கையெழுத்து. பேனாவைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் முகங்கள் சொன்னது பாதி. மீதியை உன் காதால் கேட்டுச் சொல்ல வேண்டும். முப்பதுக்கு முன்னால் மிஷினைப் போடு. போடாவிட்டால் பேனாவை மூடிவிடுவேன்.

உன் தங்கை


ஏப்ரல் 28

வாயாடிக்கு,

சுகம்தான். இதையும் கூரியரில்தான் அனுப்புகிறேன். முப்பதாம் தேதிக்குள் வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை மிஷினைப் போட்டேன். முதலில் கேட்டது உன் அண்ணி பாத்திரம் தேய்ப்பது. இத்தனை நாள் எனக்கு என்னவெல்லாம் மிச்சமாகி இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கடையில் இரும்புக் குழாயைக் கீழே போட்டார்கள், நான் மேலே குதித்தேன். தெருவில் இத்தனை ஹாரன் ஏன் அடிக்கிறார்கள்?

இன்று காலை ஏழு மணிக்குக் கேட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன். வயது தெரிகிறது. நன்றாகவே தெரிகிறது. வெண்கலம் எல்லாம் இல்லை. கரகரப்பு இருக்கிறது, நீளமான வாக்கியத்தில் கடைசி வார்த்தை தேய்ந்துபோகிறது. ஏழு பத்துக்கு மூச்சு வாங்கினாய், மாடிப்படியில் மெதுவாக ஏறு. பழைய நிலையத்தில் உன்னைச் செய்தியிலிருந்து எடுத்தவர்கள் சொன்னது பொய்யில்லை. செய்திக்கு இந்தக் குரல் ஆகாது.

ஆனால் இன்றைக்கு அந்தக் கிணறு வெட்டுகிறவரிடம், "பயமே இல்லையாங்க?" என்று கேட்டாய் பார். இதே கேள்வியை முப்பது வயதில் நீ கேட்டிருந்தால் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். இன்றைக்கு உன்னிடம், பயம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். அந்தக் கரகரப்புக்குத்தான் ஒத்துக்கொண்டார். நான் கல்லாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி.

கையெழுத்துப் போடு. மாப்பிள்ளையைக் கேட்காதே, என்னைக் கேள்.

இன்னொன்று. எட்டு மணிக்குப் பெயின்டர் பிரஷ்களை எடுத்துக்கொண்டே கேட்டார். "யாருங்க இந்தம்மா? உங்களுக்குத் தெரியுமா?" நான், "யாரோ ரேடியோக்காரம்மா" என்றேன். அவர் போனதும் ஸ்டோரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏங்க, தங்கச்சின்னு சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா நாளைக்கு எனக்காகக் கேட்பாரு" என்றேன். "இன்னைக்கு அவரா நின்னு கேட்டாரு."

உன் அண்ணன்